டிஷ் மீட்டரும் 2.725 கெல்வினும்

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால், ரிமோட்டும் பழைய டிவியும் வாசல்வரை அடுக்கிய ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. போன மாதம் அங்கே ஊசி வைத்த டிஷ் மீட்டர் ஒன்று வாங்கினேன், 1,800 ரூபாய். டிஷ் பூட்ட வருகிறவர்கள் சிக்னல் பிடிக்கக் கையில் வைத்திருப்பார்களே, அதேதான். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை எப்படி அளந்தார்கள் என்று காட்ட ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன்.

விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர், "சேர், டிஷ்ல விழுற எல்லாத்தையும் இது சேர்த்துத்தான் காட்டும். எது எங்கிருந்து வருதுன்னு பிரிச்சுச் சொல்லாது" என்றார். இந்த மீட்டரைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. முன்பு வேறோர் இடத்தில் வாங்கிய எல்.என்.பி.க்குள் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டி நிற்கும், சிக்னலை வாங்கும் உறுப்பு) தண்ணீர் இருந்தது. இவர் பழைய டிஷ்ஷையும் எல்.என்.பி.யையும் டிவி ரிசீவர் பெட்டியோடு பூட்டி, ஊசி ஆடுவதைக் காட்டிய பிறகுதான் காசு வாங்கினார்.

வாசிகசாலை முற்றத்தில் எல்லாவற்றையும் வைத்தோம். டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்பவை. நாம் 7 பாகைதான் வடக்கே இருக்கிறோம். அதனால் நம்ம லயத்துக் கூரைகளில் டிஷ் எல்லாம் நன்றாக மேலே பார்த்தபடி இருக்கும். அதை வடக்கே சாய்த்துவிட்டால் வெறும் வானம். அங்கே குமிழைத் திருகி ஊசியை 2-ல் நிறுத்தினேன். அப்புறம் எதிரே இருந்த தேயிலை மலையை நோக்கித் திருப்பினோம். ஊசி 7-ஐத் தாண்டியது, சத்தமும் கீச்சென்று ஏறியது. மலை ஏறக்குறைய 290 கெல்வினில் இருக்கிறது (கெல்வின் என்பது குளிரின் கடைசி எல்லையைப் பூச்சியமாக வைத்து எண்ணுகிற வெப்பநிலை அளவு). அந்தச் சூடே நுண்ணலையாக (மைக்ரோவேவ்) வந்து விழுகிறது. மறுபடி வானத்துக்குத் திருப்பியதும் ஒரு பிள்ளை எல்.என்.பி.க்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். ஊசி எழும்பியது. கையை எடுத்தாள், விழுந்தது. ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தாள்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஹோம்டெல்லில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1964-ல் செய்ததும் இந்த வேலைதான், மிகுந்த பொறுமையோடு. கொம்பு வடிவ அன்டெனாவில் வந்த இரைச்சலில் காற்றுமண்டலத்தின் பங்கைக் கழித்தார்கள். தரையின் பங்கு, அன்டெனாச் சுவரின் பங்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். திரவ ஹீலியத்தில் குளிரவைத்த ஒரு மூலத்தோடு மாற்றி மாற்றி ஒப்பிட்டார்கள். கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தையும் துடைத்தார்கள். அப்படியும் 3.5 கெல்வின் மிஞ்சியது. எந்தத் திசையில் திருப்பினாலும், எந்தப் பருவத்திலும் அதே அளவு. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி அது. அப்போது 3,000 கெல்வின் அளவில் இருந்தது, பிரபஞ்சம் விரிய விரிய ஆறி, இப்போது நுண்ணலையாக வருகிறது. பிறகு நாசாவின் கோபே செயற்கைக்கோள் அளந்த கணக்கு 2.725 கெல்வின்.

மீட்டருக்கு வருவோம். இது அந்த ஒளியை அளக்காது. எல்.என்.பி.யின் சொந்த இரைச்சலே பல பத்து கெல்வின், அந்த 2.7-ஐத் தனியே பிரிக்க நம்மிடம் திரவ ஹீலியமும் இல்லை. ஆனால் வானத்தைப் பார்க்கும்போது ஊசி காட்டுகிற அந்த 2-க்குள் அதன் பங்கும் இருக்கிறது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் ஊசியைப் பார்த்த பார்வைக்காகவே இன்னொன்று வாங்குவேன்.

மூன்று மணிபோல மழை மேகம் மேலே வந்தது. யாரும் டிஷ்ஷைத் தொடவில்லை, ஊசி 3-க்கு ஏறியது. தண்ணீரும் நுண்ணலையை உமிழும். அந்தப் பழைய ஒளியை அளக்க, காற்றில் ஈரம் குறைந்த தென் துருவத்திலும், 5,000 மீற்றருக்கு மேலே அட்டகாமா பாலைவனத்திலும் ஏன் தொலைநோக்கி வைக்கிறார்கள், பிளாங்க் செயற்கைக்கோளை ஏன் 2009-ல் 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்கு அனுப்பினார்கள் என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிளாங்க் தேடியது அந்த ஒளியின் வெப்பநிலையில் இலட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கத்தை. அதிலிருந்துதான் பிரபஞ்சத்துக்கு 1,380 கோடி ஆண்டு என்ற வயது இவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது.

குறைகளும் உண்டு. முதல் பத்து நிமிடம் ஊசி தானாக நகர்கிறது, சூடேறும்வரை பொறுங்கள். குமிழ் லேசாகத் தொட்டாலே ஓடிவிடும். வைத்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். முகப்பில் 0 முதல் 10 வரை எண் மட்டும்தான், அலகு கிடையாது. தண்ணீர் போகாத உறையும் இல்லை. எங்கள் ஊர்ப் பனிமூட்டத்துக்கு நான் பொலித்தீன் பை கட்டித்தான் வைக்கிறேன். மீட்டரையும் பெட்டியையும் இணைக்கும் சின்ன வயரைச் சேர்த்துத் தரமாட்டார்கள், கடையிலேயே இரண்டு முனையும் பூட்டிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.