ரேடியோ கார்டன், ஃபிப், சோமா எஃப்எம்: புதுப் பாட்டு தேடுறவங்களுக்கு எது செட் ஆகும்?

பாட்டு ஆப்புங்க மேல எனக்கு பெரிய கோவம் எல்லாம் இல்ல, ஆனா ஒரு எய்ட்டீஸ் பாட்டு போட்டுட்டா போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு அதே எய்ட்டீஸத்தான் திருப்பித் திருப்பி ஊட்டி விடுது. அந்தக் கடுப்புல தான் இன்டர்நெட் ரேடியோ பக்கம் ஒதுங்கினேன். இப்ப ஹலசூருல ஏறி ஒயிட்ஃபீல்டு வரைக்கும் மெட்ரோ பர்ப்பிள் லைன்ல நின்னுக்கிட்டே போற நேரம் பூரா இதுதான். நாட்டுலயே முதல் பிரைவேட் எஃப்எம் 2001ல நம்ம பெங்களூர்லதான் ஆரம்பிச்சுது, அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு பாரிஸ் ரேடியோ கேக்குறேன், என்னத்த சொல்ல.

மொதல்ல ரேடியோ கார்டன். 2016ல நெதர்லாந்துல இருந்து வந்தது. ஸ்கிரீன்ல ஒரு பூமி உருண்டை, மேல பூரா பச்சைப் புள்ளி, உருட்டி உருட்டி நடு வட்டத்துக்குள்ள ஒரு புள்ளியக் கொண்டு வந்தா அந்த ஊர் ஸ்டேஷன் பாட ஆரம்பிச்சிடும், நடுவுல பழைய டிரான்சிஸ்டர் கரகரப்பையும் சேத்து வெச்சிருக்காங்க, அதுக்கே ஒரு லைக். சும்மா உருட்டிக்கிட்டே மாலி நாட்டு பமாக்கோ பக்கம் போனப்பதான் கோரான்னு ஒரு வாத்தியம் கேட்டேன், பெரிய சுரைக்குடுக்கைய பாதியா வெட்டி மாட்டுத்தோல் இழுத்துக் கட்டி 21 கம்பி போட்டிருப்பாங்க, கேக்கும்போது நம்ம வீணையும் கிடாரும் ஒண்ணா பேசிக்கிற மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு, இது அந்தந்த ஊர் லைவ் ரேடியோ, அதனால நீங்க போற நேரம் நியூஸ் ஓடலாம், விளம்பரம் ஓடலாம், எவனோ ஃபுட்பால் கமென்ட்ரில கத்திக்கிட்டு இருக்கலாம். பொறுமை இருக்கிறவங்களுக்கு மட்டும்.

என் ஓட்டு ஃபிப்புக்குத்தான். பிரான்ஸ் அரசு ரேடியோ, 1971ல இருந்து ஓடுது. ஒரு ஜாஸ், அது முடிஞ்சதும் ஏதோ பழைய சர்ச் இசை, அப்புறம் ஹிப்ஹாப், அப்புறம் பிரேசில், ஆனா எங்கயும் தூக்கிப் போடாது, ஒரு பாட்டோட வால புடிச்சுக்கிட்டே அடுத்தது வரும். ஆள் உக்காந்து கோக்குறாங்கன்னு கேட்டாலே தெரியுது. நடுவுல ஒரு அம்மா மெதுவா ரெண்டு வார்த்தை பேசுவாங்க, பிரெஞ்சு புரியாதது எனக்கு பெரிய வசதி, ஆபீஸ் வேலைய கெடுக்காது (நம்ம ஆர்ஜேங்க மன்னிக்கணும்). இன்னொரு சூப்பர் விஷயம், எத்தன மணிக்கு என்ன பாட்டு போட்டாங்கன்னு அவங்க சைட்லயே பின்னாடி போய்ப் பாக்கலாம். ஒரு பாட்டு புடிச்சா மணிய மட்டும் குறிச்சு வெச்சுக்குவேன், ராத்திரி வீட்டுல தேடுவேன். நம்ம டைம்ல இருந்து அவங்க கோடைக்கு மூணரை மணி, குளிருக்கு நாலரை மணி கழிக்கணும், இத மறந்துட்டா சம்பந்தமே இல்லாத பாட்டத் தேடிக்கிட்டு இருப்பீங்க.

சோமா எஃப்எம் சான் பிரான்சிஸ்கோ. 2000ல இருந்து விளம்பரமே இல்லாம, கேக்குறவங்க குடுக்குற காசுலயே ஓட்டுறாங்க. முப்பதுக்கு மேல சேனல், கோடிங் பண்ணும்போது ட்ரோன் ஜோன் (பீட்டே பெருசா இல்லாம மெதுவா மிதக்குற இசை), மத்த நேரம் க்ரூவ் சாலட் (நிதானமான பீட்டு). நம்ம ஊர் வாசம் வேணும்னா சபர்ப்ஸ் ஆஃப் கோவா, அதுல சிதாரும் பீட்டும் கலந்து வரும், சிலது அருமை, சிலது அஞ்சு நட்சத்திர ஓட்டல் லாபி.

டேட்டா பத்தி கேப்பீங்க. ஸ்ட்ரீமோட வேகம் 128 கேபிபிஎஸ்னா மணிக்கு கிட்டத்தட்ட 58 எம்பி, தினப்படி பேக்குல அடிபடாது. மெஜஸ்டிக் பக்கம் சுரங்கத்துல போனா மட்டும் ஸ்ட்ரீம் அறுந்துடும், டவுன்லோட் பண்ணி வெச்சுக்கவும் முடியாது, ரேடியோன்னா அப்படித்தான்.

இதெல்லாம் வேணாம், தமிழே கேக்கணும்னா சிங்கப்பூர் ஒலி 96.8, மலேசியா மின்னல் எஃப்எம் ரெண்டும் நெட்லயே வருது. நாம ஒன்பதரைக்கு ஆபீஸ்ல காபி எடுக்கும்போது அங்க மத்தியானம் பன்னெண்டு ஆயிருக்கும், அதனால காலை நிகழ்ச்சி கேக்கணும்னா அலாரம் வெச்சுதான் எழுந்திருக்கணும்.