பாலைவனத்துக்கு ஒரு பழைய பஜேரோ: எதை மாட்டலாம், எதற்குக் காசு தண்டம்

அமீரகத்தில் பிள்ளைகுட்டியோடு மணலேற நினைக்கிறவர்களின் கண் முதலில் போவது நிசான் பேட்ரோல் மீதும் டொயோட்டா லேண்ட் க்ரூஸர் மீதும்தான். விலையைக் கேட்டதும் அதே கண் மெல்ல மிட்சுபிஷி பஜேரோ பக்கம் திரும்பும். திரும்புவதில் தப்பே இல்லை. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், ஆபீஸ், சூப்பர் மார்க்கெட். விடுமுறைக்கு மணல்மேடுகள்: அல் பதாயர், மிலீஹா, குளிர் நன்றாக வந்துவிட்டால் லிவா. இத்தனைக்கும் ஒரே வண்டி என்றால் இதுதான் கட்டுபடியாகும். வாங்கிய மறுவாரமே கடைக்காரர்கள் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். அதில் பாதி வேண்டாம். மணலில் எடைதான் முதல் எதிரி. ஒரு சாமானை மாட்டும் முன் அது தன் எடைக்கு ஈடாக உழைக்குமா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

முதலில் வண்டி. நான்காம் தலைமுறை பஜேரோ 2006ல் வந்தது, உற்பத்தி 2021ல் நின்றது. லாங் வீல்பேஸ், ஏழு சீட், 4.9 மீட்டர் நீளம். தனி சேஸிஸ் கிடையாது, பாடியோடு சேர்ந்தே வரும். நான்கு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங்கோடு தனித்தனி சஸ்பென்ஷன். அதனால் மணல் அலைகளில் பின்சீட்டுக்காரர்களைத் தூக்கிப் போடாது. அதன் விலையாக, பள்ளம் மேட்டில் ஒரு சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கிவிடும். வாதி என்கிற வறண்ட ஆற்றுப்படுகைப் பாறைகளில் இது தெரியும், மணலில் அவ்வளவாகத் தெரியாது. சில வண்டிகளில் பின் டிஃபரன்ஷியல் லாக் உண்டு, அதாவது பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு. அந்த ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்ஜினில் 3.0, 3.5, 3.8 என மூன்று வி6 கிடைக்கின்றன. ஐந்து பேர், சாமான், ஏசி என்று 3.0 மணலேறும்போது மூச்சு வாங்கும். 3.5 சமாளிக்கும். கையில் காசு இருந்தால் சுமார் 250 குதிரைத்திறனுள்ள 3.8தான் சரி. மூன்றுக்குமே டைமிங் பெல்ட். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிட வேண்டும். அது அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜின் தலையைக் கழற்ற வேண்டி வரும்.

இந்த வண்டியின் பெரிய வரம் சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் அமைப்பு. 2எச் (பின்சக்கரம் மட்டும்), 4எச் (நான்கு சக்கரமும்), 4எச்எல்சி (நடு டிஃபரன்ஷியலைப் பூட்டியது), 4எல்எல்சி (பூட்டியதோடு லோ ரேஞ்ச் எனும் மெதுவான, வலுவான கியர்) என நான்கு நிலை. 4எச்சில் நடு டிஃபரன்ஷியல் திறந்திருப்பதால் தார் ரோட்டிலேயே ஓட்டலாம், 100 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டத்திலேயே போடலாம். மணலில் இறங்கும் முன் 4எச்எல்சி. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்தால் 4எல்எல்சி. வாங்குவதற்கு முன் இந்த நான்கையும் போட்டுப் பாருங்கள். 4எச் போட்டுச் சில மீட்டர் நகர்ந்ததும் டாஷ்போர்டில் முன்சக்கர விளக்குகள் நிலையாக எரிய வேண்டும். விடாமல் மினுக்கினால் முன் ஆக்சிலைச் சேர்க்கும் வேக்யூம் சோலனாய்டோ அதன் ரப்பர் குழாயோ போயிருக்கும். வெயிலில் வெந்து வெடித்த குழாய் என்றால் சின்ன செலவு. ஆனால் அதைச் சொல்லி விலையை நன்றாகவே குறைக்கலாம்.

இனி சாமான்கள். முதல் காசு டயருக்கு. உயர்ந்த மாடல்களில் 18 அங்குல ரிம்மில் 265/60 டயர் வரும். பார்க்க எடுப்பாக இருக்கும், மணலுக்கு உதவாது. 265 என்பது மில்லிமீட்டரில் அகலம், 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது; ஆக பக்கச்சுவர் சுமார் 159 மில்லிமீட்டர்தான். 17 அங்குல ரிம்முக்கு இறங்கி 265/70 போட்டால் சுவர் 185க்கு மேல் வரும், காற்றை இறக்கும்போது மடிந்து பரவ இடம் கிடைக்கும். கம்பெனி 17க்குக் கொடுக்கும் 265/65ஐ விட இந்த டயர் சுமார் 26 மில்லிமீட்டர் விட்டம் கூடுதல், ஆகவே தரையிலிருந்து 13 மில்லிமீட்டர் உயர்வு இனாம். ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறைத்துக் காட்டும். ரேடாரில் மாட்டாமலிருக்க இதை நினைவில் வையுங்கள். எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை போதும். கட்டை கட்டையாகப் பல் வைத்த மட் டெரெய்ன் மணலைத் தோண்டும், வண்டி தன் குழியைத் தானே வெட்டிக்கொள்ளும். வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து வருஷம் தாண்டிய டயர் பாசிங்கில் (பதிவுக்கான வண்டிச் சோதனையில்) நிற்காது.

காற்று இறக்குவதுதான் மொத்த வித்தையும். ரோட்டில் 35 பிஎஸ்ஐ ஓடும் டயரை 15க்கு இறக்கினால் மணலில் பதியும் தடம் அகலத்தில் அதிகம் கூடாது, நீளத்தில் கூடும். அந்த நீளம்தான் வண்டியை மிதக்க வைக்கிறது. லஹ்பாபின் சிவப்பு மணலுக்கு 15 போதும். லிவாவில் மதியச் சூட்டில் மணல் மாவாகும்போது 12. பத்துக்குக் கீழே இறங்குவது மாட்டிக்கொண்ட வண்டியை நகர்த்துவதற்கு மட்டும், அதுவும் ஸ்டியரிங்கை நேராக வைத்து மெதுவாக. குறைந்த காற்றோடு வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று மணல் உள்ளே போய்விடும். பலர் கவனிக்காத ஒன்று: ஒரு மணி நேரம் ரோட்டில் ஓடி வந்த டயர் சூட்டில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடியிருக்கும். அதை அப்படியே 15 என்று இறக்கினால், இரவு கூடாரம் போட்டுத் தூங்கி எழும்போது 12, 13தான் இருக்கும். காலையில் மறுபடி அளந்துவிட்டுக் கிளம்புங்கள். வால்வு ஊசியைக் கழற்றி இறக்கும் டிஃப்ளேட்டர் ஒரு டயரை ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிடும். குச்சியால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால், நான்கு டயர் முடிவதற்குள் பிள்ளைகள் வண்டிக்குள் சண்டையை ஆரம்பித்திருப்பார்கள்.

காற்று ஏற்றும் கம்ப்ரசர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அது எதிர்ப்பு எதுவும் இல்லாமல் காற்றில் ஓடும்போது எடுத்த அளவு. ஒரு 265/70 டயரின் உள்ளளவு உத்தேசமாக 65 லிட்டர். 15லிருந்து 35க்கு ஏற்ற 90 லிட்டர் அளவுக்கு வெளிக்காற்று தேவை. டயர் அழுத்தத்துக்கு எதிராக நிமிஷத்துக்கு 40 லிட்டர் தரும் கம்ப்ரசர் நான்கு டயரையும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிடும். சிகரெட் லைட்டரில் சொருகும் பொம்மை கம்ப்ரசர் ஒன்றிலேயே சூடாகிப் படுத்துவிடும். நல்லவை 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் ஃப்யூஸ் போகும்.

அடுத்து இழுக்கும் சாமான். இங்கேதான் கஞ்சத்தனம் உயிருக்கு உலை வைக்கும். முதல் விதி: டிரெய்லர் மாட்டும் பந்து ஹிட்ச்சில் கயிறு மாட்டவே கூடாது. இழுப்பு விசையில் அந்த இரும்புப் பந்து முறிந்தால் குண்டு மாதிரி அடுத்த வண்டியின் கண்ணாடியைத் துளைக்கும். பின்பக்கம் சதுரக் குழாய் ரிசீவர் இருந்தால் அதற்கான ஷேக்கிள் (கயிறு கோக்கும் வளையம்) பிளாக் வாங்கி மாட்டுங்கள். முன்பக்கத்தில் பாடியின் சட்டத்தோடு போல்ட் போட்ட கொக்கியா என்று படுத்துப் பாருங்கள். லாரியில் கட்டி ஏற்றுவதற்கான மெல்லிய வளையம் இழுவைக்கு ஆகாது. கயிறு, நைலானில் செய்த கைனட்டிக் வகையாக இருக்கட்டும். இழுக்கும்போது 20, 30 சதவீதம் நீண்டு, அந்த நீட்சியில் சேர்ந்த விசையால் மாட்டிய வண்டியை மெல்லப் பிடுங்கும். இரண்டேகால் டன் வண்டிக்கு 22 மில்லிமீட்டர் தடிமன், 9 மீட்டர் நீளம் சரி. ரோட்டில் இழுத்துப் போகும் பட்டை பெல்ட் நீளாது. அதைப் போட்டு வேகமாக இழுத்தால் வெட்டுகிற வெட்டில் கொக்கியே பெயர்ந்துவிடும். இரும்பு ஷேக்கிளுக்குப் பதில் துணிக்கயிற்று சாஃப்ட் ஷேக்கிள் இரண்டு. அறுந்தாலும் பறக்க இரும்பு இல்லை. கயிறு பூட்டியதும் பிள்ளைகள் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். இதோடு நீளக் கைப்பிடி மண்வெட்டி ஒன்று, மணல் பலகை ஒரு ஜோடி. பலகை இரண்டும் சேர்ந்து ஏழு கிலோதான், பின்கதவு பக்கம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சாமான்களுக்கு அடியில் புதைத்து வைத்த மண்வெட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பஜேரோவின் உண்மையான பலவீனம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சூடு. தளர்ந்த மணலில் மெதுவாக ஊரும்போது, ஆயில் வழியாக இன்ஜின் விசையைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் முழுக்கச் சூடாகி ஆயிலுக்குள் போகும். ஏ/டி டெம்ப் விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி, கியரை பார்க்கில் போட்டு, பானட்டைத் திறந்து, இன்ஜினை அணைக்காமல் ஓடவிடுங்கள். அணைத்தால் ஆயில் சுற்றாது, சூடு அங்கேயே தங்கும். ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலர் போடுவது இந்த வண்டியில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே மிகப் பிரயோஜனமானது; எடை மூன்று நான்கு கிலோ. அதைவிட மலிவான வைத்தியம் 4எல்எல்சி. முழங்கால் புதையும் மணலில் லோ ரேஞ்சில் ஓட்டினால் சூடு பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். மணலோட்டம் அடிக்கடி உண்டென்றால் 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயில் மாற்றலாம். வண்டி வாங்கும்போது கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். கருகல் வாடை வந்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.

உயர்த்தும் கிட்டில் 30 முதல் 40 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் முன் ஆக்சில் ஜாயின்ட்டின் கோணம் கூர்மையாகி ரப்பர் பூட் கிழியும், கிழிந்த இடத்தில் மணல் புகுந்து ஜாயின்ட் தட்ட ஆரம்பிக்கும். பின் ஸ்பிரிங்கை ஏற்றப்போகும் எடைக்குத் தக்கபடி கேட்டு வாங்குங்கள். காலி வண்டிக்கு ஏற்ற மெல்லிய ஸ்பிரிங்கில் ஏழு பேரை ஏற்றினால் பின்பக்கம் தொங்கி பம்பர் மணலை உழும். மாட்டியதும் அலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் புது டயர் ஆறே மாதத்தில் உள்பக்கம் தேய்ந்துபோகும். இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு முன்னனுமதி வாங்கி முல்கியாவில் (வண்டிப் பதிவு அட்டையில்) ஏற்ற வேண்டும். எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கராஜில் சொன்னால் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுங்கள்.

முன் பம்பரின் அடி உதடு பிளாஸ்டிக். மணல்மேட்டில் மூக்கைக் குத்தினால் முதலில் கழல்வது அதுதான். கிளிப் ஒரு பொட்டலம் வாங்கி டாஷ்போர்டு அறைக்குள் போட்டு வையுங்கள். இன்ஜினுக்கு அடியில் 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு நல்ல செலவு. தட்டையாக இருப்பதால் வண்டி மணல்மேல் சறுக்கும். மணல் வடிய ஓட்டை இல்லாத தகடு வேண்டாம், உள்ளே வாளிக்கணக்கில் சேரும்.

வேண்டாதவை: இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் 80 கிலோவுக்குக் குறையாது, அத்தனையும் மூக்கில். மணல் கடலில் வின்ச் கயிற்றைக் கட்ட மரம் எங்கே இருக்கிறது? கூரை ரேக்கும் அப்படித்தான். எடை தலைக்கு மேல் போனால் சரிவில் குறுக்கே ஓட்டும்போது வண்டி கவிழத் துடிக்கும். எல்இடி விளக்குப் பட்டை படத்துக்கு அழகு. குடும்பத்தோடு இரவில் மணல் ஓட்டக்கூடாது என்பதால் அதற்கு வேலையே இல்லை.

உள்ளே: கடைசி வரிசை சீட் தரைக்குள் மடங்கும். மணலில் அங்கே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். பின் ஆக்சிலுக்குப் பின்னால் குலுக்கல் அதிகம், வாந்தி நிச்சயம். சைல்டு சீட் நடு வரிசையில் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் பூட்டட்டும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். ஐந்து பேருக்கு இரண்டு நாள் என்றால் 50 கிலோ. அதை நடு சீட்டின் முதுகோடு ஒட்டி, தரையில், பெல்ட் போட்டுக் கட்டுங்கள். மேட்டின் உச்சியில் வண்டி திடீரென்று நின்றால் கட்டாத ஐஸ் பெட்டி பிள்ளைகளின் தலைமேல்தான் வந்து விழும். டேங்க் 88 லிட்டர். மணலில் பெட்ரோல் செலவு ரோட்டைப் போல இரண்டு மடங்கு ஆகும், கணக்குப் போட்டு இறங்குங்கள். பெட்ரோல் கேனை வண்டிக்குள் வைக்கவே வேண்டாம்.

மணலில் இறங்கியதும், வண்டி வழுக்காமல் தானே கட்டுப்படுத்தும் ஏஎஸ்டிசியின் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் மேடேறும்போது சரியாகப் பாதியில் கம்ப்யூட்டர் ஆக்ஸிலரேட்டரைப் பறித்துக்கொள்ளும். கழியில் ஆரஞ்சுக் கொடி கட்டுங்கள், மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கு முதலில் தெரிவது அதுதான். மழை பெய்த வாரத்தில் சப்கா பக்கம் போகாதீர்கள். மேலே உப்புப் பொருக்கு காய்ந்த தரை மாதிரி நடிக்கும், அடியில் சேறு. அதில் அச்சு வரை இறங்கிய வண்டியை இன்னொரு பஜேரோவால் எடுக்க முடியாது. ஒற்றை வண்டியாக மணலுக்குப் போகவே கூடாது என்பது தனிச் சேதி.

வீடு திரும்பியதும் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் இடுக்கை உள்ளிருந்து வெளியே வேகமில்லாத தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷை நேராகப் பிடித்தால் துடுப்புகள் மடிந்து ஏசி மந்தமாகிவிடும். அதற்கெல்லாம் முன்னால், மணலை விட்டு வெளியே வந்ததுமே வீல் நட் அத்தனையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு, 35 பிஎஸ்ஐ ஏறியிருக்கிறதா என்று அளந்த பிறகே ஹைவேயில் ஏறுங்கள்.