பென்னாகரம் ரோட்டுக் கூழ் வண்டியும் என் வயிறும்

தர்மபுரி நாலு ரோட்டிலிருந்து பென்னாகரம் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் இடது கைப் பக்கம் ஒரு புளியமரம் வரும். அதன் அடியில் பச்சைப் பெயிண்ட் அடித்த தள்ளுவண்டி. வண்டியில் இரண்டு மண் பானை, வாயில் ஈரத்துணி. கடைக்குப் பெயர் கிடையாது. கேட்டால் 'கூழக்கா கடை' என்பார்கள். எட்டு மாதமாக வாரத்தில் நாலைந்து நாள் அங்கே குடிக்கிறேன். நல்லதும் கெட்டதும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் என் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. நான் தனியார் பஸ் கண்டக்டர். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர். முதல் சிங்கிள், அதாவது ஒரு வழி டிரிப், காலை 5.10-க்கு. இருபத்திரண்டு வருஷமாக நாலு மணிக்கு எழுந்து, ஒரு டீயைக் குடித்து, வயிறு கூப்பிடுவதற்குள் பையை மாட்டிக்கொண்டு ஓடியவன். வயிறு அப்புறம் கூப்பிடும், சரியாக ராயக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால். தக்காளிக் கூடையும் நாற்பது பேரும் நிற்கும்போது எங்கே போவது? அடக்குவேன். ஓசூரில் இறங்கிப் பார்த்தால் வந்த அவசரம் போன இடம் தெரியாது. இப்படி அடக்கி அடக்கி, மூன்று நாளைக்கு ஒரு முறை என்று ஆகிவிட்டது. நடுவில் கேஸ், நெஞ்செரிச்சல். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, நானாகவே வாங்கிப் போட்டது, நாலு வருஷம்.

மருந்துக் கடையில் ஒரு தடவை புரோபயாட்டிக் கேப்சூல் கொடுத்தார்கள். பத்துக் கேப்சூல் இருநூறு ரூபாய்க்கு மேல். அட்டையில் பில்லியன் கணக்கில் நுண்ணுயிர் என்று போட்டிருந்தது. இருபது நாள் போட்டேன். பர்ஸ் இளைத்தது, வயிறு அப்படியே இருந்தது. அடுத்து இசப்கோல், மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற உமி. இது வேலை செய்தது, ஆனால் முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டி வருமே என்று அரை டம்ளரில் கலக்கி முழுங்கினேன். வயிற்றுக்குள் சிமெண்ட் கலவை இறுகின மாதிரி இருந்தது.

கடைசியில் டாக்டரிடம் போனேன். ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது குடல் வியாதி உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும் சிரித்துவிட்டு, "வயித்துக்கு நேரம் கொடுங்க, நார் கொடுங்க, தண்ணி கொடுங்க. மாத்திரையை நான் சொல்ற மாதிரி குறைச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்.

கூழ் வண்டி அப்படித்தான் வந்தது. ஓசூர் போய்த் திரும்பி பத்தரைக்கு ஸ்டாண்டில் இறங்கினால் அடுத்த சிங்கிளுக்கு ஐம்பது நிமிஷம் இருக்கும். அதுவரை அந்த நேரத்தில் பஜ்ஜியும் டீயும். இப்போது பத்து நிமிஷம் நடந்து போய்க் கூழ்.

சரி, கூழுக்கு வருவோம். அக்கா பானைக்குள் கையை விட்டு, கெட்டியாக உறைந்த கேழ்வரகுக் கட்டி ஒன்றை எடுப்பார். வெளியே பழுப்பு, பிட்டால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நொய் தெரியும். அதைச் சட்டியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர், உப்பு, அப்புறம் மோர். விரலாலேயே நசுக்கிக் கரைப்பார். மத்து கிடையாது. சின்ன வெங்காயத்தை அரிவாள்மனையில் அப்போதே அரிந்து போடுவார். முதல் வாயில் புளிப்பு, அப்புறம் மோரின் குளிர்ச்சி, கடைசியில் பல்லில் அகப்படும் நொய். ஒரு சொம்பு முப்பது ரூபாய். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரை வத்தல், மாங்காய்க் கீற்று. புதன்கிழமை கருவாடு. நம் ஊரில் களி தின்று வளர்ந்த யாருக்கும் இந்த வாசனை புதிதில்லை. எனக்கோ என் பாட்டி வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. அதற்காக மார்க்கைக் கூட்டிப் போடக் கூடாது என்று அடக்கிக்கொள்கிறேன்.

புளிப்பு தினமும் ஒரே மாதிரி இருக்காது. சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கே பல் கூசும். மார்கழியில் எட்டு மணிக்குப் போனால் புளிப்பே ஏறாமல் சப்பென்று இருக்கும். எப்படிச் செய்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒன்றரை நாள் வேலை தம்பி. மாவைக் கரைச்சு ராத்திரி முழுக்கப் புளிக்க விடணும். மறுநாள் சாயங்காலம் நொய்யை வேக வெச்சு, அதுல புளிச்ச மாவை ஊத்திக் கிண்டணும். வெந்து ஆறினதும் பானையில போட்டு இன்னொரு ராத்திரி. அப்புறம்தான் வண்டிக்கு வரும்."

வண்டியின் போர்டில் 'புரோபயாட்டிக் கூழ்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. கீழே, குடல் புண் ஆறும், சுகர் குறையும், மூட்டு வலி போகும். என் மகள் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படிக்கிறாள். போட்டோ எடுத்துக் காட்டினேன்.

"அப்பா, முதல் ராத்திரி வளர்ற, மாவைப் புளிக்க வைக்கிற லாக்டிக் பாக்டீரியா எல்லாம் கொதிக்கும்போதே செத்துடும்."

"அப்போ பொய்யா?"

"முழுப் பொய் இல்ல. ரெண்டாவது ராத்திரி பானையில புதுசா வளரும். மோர்லயும் உயிரோட இருக்கும். ஆனா எந்த வகை, எத்தனைன்னு யாரு எண்ணினாங்க?"

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் 2001-இல் கூடிப் பேசி வைத்த இலக்கணப்படி, உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவில் இருக்க வேண்டும், சாப்பிடுபவருக்கு நன்மை தர வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் புரோபயாட்டிக் என்ற பேர் என்றாள். இட்லிக்கும் இதே கதைதான். மாவில் இருக்கிற கூட்டம் ஆவியில் போய்விடும். ஆனால் புளிக்க வைத்த பலன் வீணாகாது. கேழ்வரகில் இரும்பு, சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் புளிப்பதில் குறைகிறது, அதனால் உடம்பில் சத்து நன்றாகச் சேரும். வெந்து ஆறிய மாவில் ஒரு பகுதி எளிதில் செரிக்காமல் பெருங்குடல்வரை போய் அங்கே இருக்கிற நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடாகிறது. வெங்காயமும் அப்படித்தான். ஆக, கேப்சூல் வெளியாளைக் கொண்டுவந்து குடி வைக்கப் பார்க்கிறது. கூழ் ஏற்கெனவே குடியிருப்பவனுக்குச் சோறு போடுகிறது. இது மகள் சொன்னதில்லை, நானாகப் புரிந்துகொண்டது.

டிக்கெட் கிழிக்கிற கை கணக்குப் போடாமல் இருக்குமா? மூன்று கிலோ மாவுக்கு அறுபது சொம்பு வரும் என்றார் அக்கா. மாவைச் சலிப்பதில்லை. அப்படியானால் ஒரு சொம்பில் 50 கிராம் மாவு. 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட வராது. என் சொம்பில் ஐந்தரை கிராம். ஒரு நாளைக்கு 30 கிராம் வேண்டும் என்கிறார்கள். ஒரு சொம்பால் வண்டி ஓசூர் போய்ச் சேராது, பாலக்கோடு தாண்டும், அவ்வளவுதான். மிச்சத்துக்கு ராத்திரி வீட்டில் கீரை, அவரை, கொள்ளு என்று மாற்றிக்கொண்டோம். 2023 மே மாதம் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை நீலகிரியிலும் நம் மாவட்டத்திலும்தான் முதலில் கொண்டுவந்தார்கள். அந்தக் கேழ்வரகு எங்கள் வீட்டு டிரம்மில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது வாரம் இரண்டு நாள் களியாகிறது.

ஒரு எச்சரிக்கை. ருசிக்கு மயங்கி முதல் வாரமே தினம் இரண்டு சொம்பு இறக்கினேன், கூடக் கைநிறைய வெங்காயம். வயிறு உடுக்கை அடித்தது. பின்படியில் நின்றபடி நான் பட்ட பாட்டை டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். நார் பழகாத குடலில் திடீரென்று கொட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு விருந்து, நமக்குக் கேஸ். அரைச் சொம்பில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். வெங்காயமே ஒத்துக்கொள்ளாத வயிறும் உண்டு. வேண்டாம் என்றால் அக்கா போட மாட்டார்.

இனி குறைகள். சொம்புகளை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார், பதினொரு மணிக்கு அந்தத் தண்ணீரும் கூழ் நிறம்தான். நான் சொந்தச் சொம்பு கொண்டுபோகிறேன். கரைப்பது கேன் தண்ணீரில், அது பரவாயில்லை. ஆனால் வெயில் காலத்தில் பெரிய ஐஸ் கட்டியை உடைத்துப் போடுகிறார், அது எந்தத் தண்ணீரோ. வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தொடுகறி எல்லாம் உப்பும் எண்ணெயும். பிபி உள்ளவர்கள் மாங்காயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சுகர் குறையும் என்ற வரியை நம்பி என் அம்மாவுக்கு ஒரு சொம்பு வாங்கிப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து மெஷினில் பார்த்தால், இட்லிக்கு ஏறும் அளவுக்கே ஏறியிருந்தது. கேழ்வரகும் மாவுச்சத்துதான், அதிலும் கரைத்துக் குடித்தால் மடமடவென்று ஏறும். அம்மாவுக்கு இப்போது அரைச் சொம்பு, மோர் அதிகமாக.

எட்டு மாதத்தில் எனக்கு என்ன ஆனது என்றால், தினமும் போகிறேன். கேஸ் மாத்திரை டாக்டர் சொன்னபடி குறைந்து நின்றுவிட்டது. இதில் கூழுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் கூடவே மூன்றே முக்காலுக்கு எழ ஆரம்பித்தேன். இரண்டு டம்ளர் வெந்நீர், அப்புறம் கால் மணி நேரம், வந்தாலும் வராவிட்டாலும், போன் இல்லாமல். தினம் அந்த இருபது நிமிஷ நடையும் இருக்கிறது. நின்றுகொண்டே பஜ்ஜி விழுங்கியவன், புளியமரத்து வேரில் உட்கார்ந்து குடிக்கிறேன்.

காலை எட்டு முதல் பானை காலியாகும் வரை, பெரும்பாலும் பன்னிரண்டரை. ஞாயிறு லீவு. ஜிபே உண்டு, ஆனால் ஸ்கேன் அட்டை பானைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அரை மார்க் வாளிக்கு, அரை மார்க் போர்டுக்கு.

போர்டைப் பற்றிப் போன வாரம் அக்காவிடமே சொல்லிவிட்டேன். கரைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "அதை நான் எங்க தம்பி எழுதுனேன். 'கூழ்'னு மட்டும் எழுதச் சொன்னேன். போர்டுல இடம் மிச்சம் இருக்குக்கா, என்ன எழுதட்டும்னு அந்தப் பையன் கேட்டான். உனக்குத் தெரிஞ்சதை எழுதுடான்னேன்."