ஸ்டார்ம்ஸ் ரிவர் முகத்துவாரம்: எந்தப் பாதையில் யார் நடக்கலாம்

டிசம்பர் விடுமுறைக்கு, தென்னாப்பிரிக்காவின் தென்கடற்கரையான கார்டன் ரூட் பக்கம் கிளம்பும் டர்பன் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "ஆயாவை, அதாவது பாட்டியை, கூட்டிக்கொண்டு போகலாமா?" என்பதுதான். அங்குள்ள சிட்சிகாமா தேசியப் பூங்காவின் ஸ்டார்ம்ஸ் ரிவர் முகத்துவாரத்தைப் பொறுத்தவரை, தாராளமாகப் போகலாம். தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் முதியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து நடக்க இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம். ஆனால் அங்கே இருப்பது ஒரே ஒரு பாதை இல்லை. தூரத்தை மட்டும் பார்த்து எது சுலபம் என்று முடிவு செய்தால் பாதி வழியில் திண்டாட வேண்டிவரும்.

முதலில் வழி. 2021இல் கெபேஹா என்று பெயர் மாறிய போர்ட் எலிசபெத்திலிருந்து என்2 நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் இரண்டு மணி நேர ஓட்டம். டர்பனிலிருந்து காரிலேயே வருவதென்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஓர் இரவு தங்காமல் வருவதைப் பரிந்துரைக்க மாட்டோம். கெபேஹாவரை விமானத்தில் வந்து, அங்கே கார் எடுத்துக்கொள்வதே உடம்புக்கு நல்லது. பலரும் தவறுவது கடைசிக் கட்டத்தில்தான். ஸ்டார்ம்ஸ் ரிவர் கிராமம் வேறு, ஸ்டார்ம்ஸ் ரிவர் முகத்துவாரம் வேறு. தங்கும் விடுதிகள் நிறைந்த கிராமம் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அங்கே கடல் இல்லை. பூங்காவுக்கு நெடுஞ்சாலையிலிருந்து தனியாகப் பிரிந்து கடலை நோக்கிக் காட்டுக்குள் இறங்கும் சாலையில் போக வேண்டும். ஜிபிஎஸ்ஸில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் அது கிராமத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். முகத்துவாரம், தேசியப் பூங்கா ஓய்வு முகாம் என்று தேடிப் போடுங்கள்.

சிட்சிகாமா 1964இல் தேசியப் பூங்காவானது. ஆப்பிரிக்காவிலேயே முதலில் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி இதுதான். 2009இல் வில்டர்னஸ், நைஸ்னா பகுதிகளோடு சேர்த்து கார்டன் ரூட் தேசியப் பூங்கா என்று ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். பலகைகளில் இரண்டு பெயரையும் பார்க்கலாம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு உரியது முகத்துவாரப் பாதை. உணவகத்தின் பக்கத்தில் தொடங்கி, தொங்குபாலம் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பெரும்பகுதி மரப்பலகை நடைபாதை. பால்மரக் காட்டின் நிழலில் கடலை வலப்பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டு போகலாம்... என்று விளம்பரம் போல முடித்துவிட முடியாது, படிகள் இருக்கின்றன. ஒரே ஏற்றமாக இல்லாமல், கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறும் படிகள். அதனால் திரும்பி வரும்போதும் ஏற வேண்டியிருக்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவர் இருபது, முப்பது நிமிடத்தில் பாலத்தை எட்டிவிடுவார். மூட்டுவலி உள்ளவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பி வரவும் அதே அளவு வேண்டும். முழங்கால் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே சிரமம். கைத்தடி ஒன்று போதும், பெரிய உதவி. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் இந்தப் பாதை ஒத்துவராது. அப்படிப்பட்டவர்கள் உணவகத்தைச் சுற்றியுள்ள பகுதியிலும் முகாமின் கடலோரச் சாலையிலும் இருந்தபடியே அலை பாறையில் மோதித் தெறிப்பதைப் பார்க்கலாம். அதுவே வந்ததற்குப் போதும் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு.

மழை பெய்த மறுநாள் பலகைகள் வழுக்கும். இங்கே மழைக்கென்று தனிப் பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் பெய்யும். நிழலில் கிடக்கும் பலகை எளிதில் காயாது, பாசி மெல்லியதாகப் படர்ந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் விழுவது இங்கேதான். அடிப்பாகத்தில் பள்ளமும் மேடுமாகப் பிடிமானம் உள்ள காலணியே வேண்டும்.

பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு குகை வரும். கடலோரத்தில் வாழ்ந்த கோய் மக்கள் தங்கிய இடம். சிப்பியும் மீனும் அவர்களுக்கு உணவு. தின்றுபோட்ட சிப்பி ஓடுகள் குவிந்து மேடாகியிருக்கின்றன. நின்று பாருங்கள், எடுக்க வேண்டாம்.

தொங்குபாலத்தின் நீளம் 77 மீட்டர். தண்ணீருக்கு ஏழு மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. பக்கத்தில் சிறிய பாலங்களும் உண்டு. ஆடும். பத்துப் பேர் ஒரே தாளத்தில் நடந்தால் இன்னும் ஆடும், அதனால்தான் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பயப்படும் குழந்தையை நடுவில் விட்டு, முன்னும் பின்னும் பெரியவர் ஒருவர் நடந்தால் போதும். பாலத்தின் நடுவில் நின்று கீழே பாருங்கள்: ஆற்று நீர் கடுஞ்சாயாவின் நிறத்தில் இருக்கும். அழுக்கு இல்லை. மேலே காட்டிலும் ஃபைன்பாஸ் என்னும் இந்தப் பகுதிப் புதர்களிலும் உதிரும் இலையிலிருந்து ஊறும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் அந்த நிறம். இங்குள்ள மண் சுண்ணாம்பில்லாத குவார்ட்சைட் பாறையிலிருந்து வந்தது. ஆகவே அமிலம் முறியாமல், நிறம் தெளியாமல் அப்படியே கடல்வரை வந்துவிடுகிறது. முகத்துவாரத்தில் பழுப்பும் நீலமும் சந்திக்கும் கோடு, கடல் அமைதியாக இருக்கும் நாளில் கத்தியால் கீறியது போல் தெரியும்.

பாலத்தைத் தாண்டினால் கூழாங்கல் கரை. அதற்கு மேலே ஒரு காட்சிமுனைக்கு ஏறும் பாதை செங்குத்தானது. இதை முகத்துவாரப் பாதையின் தொடர்ச்சி என்று நினைத்து ஆயாவைக் கிளப்பிவிடாதீர்கள். இளசுகள் ஏறி இறங்கட்டும், மற்றவர்கள் கரையில் உட்காரலாம். பிள்ளைகள் நீரில் இறங்க வேண்டாம். அலையின் இழுப்பு வலுவானது, குளிரும் கடுமையானது.

அடுத்தது அருவிப் பாதை. ஏமாற்றுவது இதுதான். ஒரு வழிக்கு மூன்று கிலோமீட்டர்தான், எனவே டர்பன் பீச்ஃபிரன்டில் காலை நடை போகிறவர்கள்கூட "இவ்வளவுதானே" என்று கிளம்பிவிடுகிறார்கள். தொடக்கத்தில் காட்டுக்குள் போகும் பாதை நல்லபடியாகவே இருக்கும். பிறகு கரைக்கு இறங்கியதும் பாதை என்று ஒன்று இருக்காது; பாறைக்குப் பாறை தாவியும் கைவைத்து ஏறியும் போக வேண்டும். பாறைகளில் வரைந்திருக்கும் நீர்நாய்ப் பாதத் தடங்களே வழிகாட்டி. இது ஐந்து நாள் நடையான ஆட்டர் டிரெயிலின் (ஆட்டர் என்றால் நீர்நாய்) முதல் பகுதி என்பதால் அந்த அடையாளம். போய்வர நல்ல நடையாளருக்கும் மூன்று மணி நேரம் பிடிக்கும், சிறுவர்களோடு நான்கு. இரண்டு லிட்டர் தண்ணீர் ஒருவருக்கு வேண்டும். கிளம்பும் முன் வரவேற்பறையில் அலையேற்ற நேரத்தையும், பகல்நேர நடையாளர்கள் எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அலையேற்றத்தில் கீழ்ப்பாறைகள் நனைந்து, கால் வைக்கும் இடம் சுருங்கிவிடும். அருவிக்கு அப்பால் அனுமதிச் சீட்டு இல்லாமல் போகக் கூடாது. பத்து வயதுக்குக் கீழுள்ள குழந்தையோடு இதை முயல வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

காடு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் நீள லூரி பாதை. லூரி என்பது நைஸ்னா துராக்கோ. கிளையில் இருக்கும்போது முழுக்கப் பச்சை, பறந்தால் மட்டும் சிறகில் ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு நிறமியில் செம்பு கலந்திருக்கிறது. சத்தம் போடாமல் ஐந்து நிமிடம் நின்றால் பெரும்பாலும் கண்ணில் படும்.

சாப்பாட்டு விஷயம். உணவகத்தின் இருப்பிடம் அருமை, ஆனால் உணவுப் பட்டியல் இறைச்சி, கடல் உணவு பக்கமே சாயும். புரட்டாசி விரதத்தில் இருப்பவர்கள் செப்டம்பர் இறுதிப் பள்ளி விடுமுறையில் வந்தால் கையில் கட்டிக்கொண்டு வருவதே நிம்மதி. ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் நன்றாகத் தாங்கும். பருப்புப் பிரியாணியை ஆறவைத்து மூடுங்கள், சூட்டோடு மூடினால் மதியத்துக்குள் புளித்துவிடும். டப்பா இறுக்க மூடுவதாக இருக்கட்டும். உணவகத்தைச் சுற்றி டாசிகள் என்னும் முயலளவு பாறை விலங்குகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பார்க்கச் சாதுதான், விரலை நீட்டினால் கடிக்கும். குரங்கும் பபூனும் கார்க் கண்ணாடி திறந்திருந்தால் உள்ளே வந்துவிடும். ஒரு துண்டு ரொட்டி போட்டாலும் அடுத்து வரும் குடும்பத்திடம் அது பிடுங்க வரும். தொல்லை முற்றினால் கடைசியில் அந்த விலங்கைத்தான் சுட வேண்டியிருக்கும். தயவுசெய்து போடாதீர்கள்.

டர்பனில் தூண்டில் நம் குடும்பங்களின் பழைய பழக்கம், தலைமுறை தலைமுறையாக வந்தது. இங்கே அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், பாதுகாக்கப்பட்ட கடல் என்பதால் மீன்பிடிக்கத் தடை. 2016 இறுதியில் சில பகுதிகளை உள்ளூர் மக்களுக்கு மட்டும் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது பொருந்தாது. காரணம் சரியானது. ரெட் ரோமன் போன்ற பாறைமீன்கள் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்த பிறகே ஆணாக மாறும். பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால் ஆண்களே அருகிவிடும். அந்த மீன்கள் ஊர் சுற்றுவதும் இல்லை, சிறிய இடத்திலேயே வாழ்கின்றன. ஆகவே மூடி வைத்த கரை உண்மையிலேயே அவற்றைக் காப்பாற்றுகிறது.

திமிங்கிலம் பார்க்க ஜூலை முதல் நவம்பர் வரை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை கூட்டம் அதிகம். காலை ஒன்பது மணிக்குள் வந்தால்தான் உணவகத்தின் அருகே நிறுத்த இடமும் காலியான பாலமும் கிடைக்கும். இரவு தங்குவதென்றால் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். கடலை ஒட்டிய கூடார இடங்கள் அழகு, ஆனால் உப்புத் தூறலும் காற்றும் நேராக அடிக்கும். தூங்கச் சிரமப்படுபவர்கள் பின்வரிசையில் கேளுங்கள். நுழைவுக் கட்டணம் குடியுரிமையைப் பொறுத்து மாறும். தென்னாப்பிரிக்க அடையாள அட்டை எல்லோர் கையிலும் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டவருக்கான கட்டணம் கேட்பார்கள். ஆண்டில் சில பூங்காக்களுக்காவது போகும் குடும்பம் என்றால் பூங்காக்களுக்கான ஆண்டு நுழைவு அட்டையான வைல்ட் கார்டு எடுத்துக்கொள்வது லாபம்.