சர்ஜ் பாதுகாப்புப் பெட்டி வாங்குவோர், பணம் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் சிறிய பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். சர்ஜ், அதாவது மின்கம்பியில் திடீரென எகிறிப் பாயும் வோல்டேஜ், மிஷின்களைத் தாக்காமல் காக்கும் கருவி என்று எனக்கு விற்கப்பட்ட ஒரு பெட்டியைப் பற்றி, மற்ற பட்டறைக்காரர்களும் அதே இழப்பைச் சந்தித்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மெயின் பேனலைப் புதுப்பித்தபோது, அந்த வேலையை எடுத்துச் செய்த ஒப்பந்ததாரர் 18,500 ரூபாய்க்கு அந்தப் பெட்டியையும் பொருத்தினார். முகப்பில் மூன்று பச்சை விளக்குகள் இருந்தன. "இந்த லைட்டு எரியிற வரைக்கும் உங்க மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்று அவர் சொன்னதை நம்பினேன்.

சித்திரையில் ஒரு மாலை, திருமங்கலம் பக்கமிருந்து இடியும் மழையும் சேர்ந்து வந்தன. எங்கள் கூரையில் இடி விழவில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்ததன் வேகம் மின்கம்பி வழியாக உள்ளே வந்து, இன்ஜெக்ஷன் மிஷினின் டிரைவையும் கண்ட்ரோல் போர்டையும் ஒரே நேரத்தில் எரித்துவிட்டது. பேனலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், மூன்று பச்சை விளக்குகளும் பழையபடியே எரிந்துகொண்டிருந்தன. பழுதுபார்க்க 1,40,000 ரூபாய் செலவானது. 11 நாள் வேலை நின்றது.

வேறொரு எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்துப் பெட்டியைத் திறந்தோம். வீட்டு உபயோக எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் வைக்கும் 14 மில்லிமீட்டர் நீல நிற வேரிஸ்டர் (வோல்டேஜ் எகிறும்போது கரண்டைத் தன் வழியாகத் திருப்பிவிடும் பாகம்) வில்லைகள் மூன்று மட்டுமே உள்ளே இருந்தன. அவற்றில் ஒன்று கருகி இரண்டாகப் பிளந்திருந்தது. விளக்குகளோ வில்லைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் நேராக பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இணைக்கப்பட்டிருந்தன. கரண்ட் இருக்கிறது என்பதைத் தவிர அவை வேறு எதையும் காட்டவில்லை. எர்த் வயரை பேனல் தகட்டின் பெயின்டைச் சுரண்டாமலே அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது, ஏனென்றால் பாய்ந்து வரும் சர்ஜை மண்ணுக்குள் இறக்கிவிடுவதுதான் இந்தக் கருவியின் வேலையே. இறங்க வழியில்லாவிட்டால், எவ்வளவு உயர்ந்த கருவியாக இருந்தாலும் பயனில்லை.

ஒப்பந்ததாரரிடம் கேட்டதற்கு, "இடிக்கு யாரு சார் கேரண்டி குடுக்க முடியும்?" என்றார். நேரடியாக விழும் இடிக்கு டைப் 1 கருவியும் தனி ஏற்பாடும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கம்பி வழியாக வரும் இத்தகைய தாக்கத்துக்காகத்தான் டைப் 2 கருவி இருக்கிறது, அதற்குத்தான் நான் பணம் கொடுத்தேன். பில்லில் "பேனல் வேலை" என்று மட்டுமே எழுதியிருந்ததால், கம்பெனிப் பெயரோ மாடல் எண்ணோ காட்டி வழக்காடவும் வழியில்லாமல் போயிற்று.

ஆகவே, வாங்கும் கருவியின் மேல் ஐஈசி 61643-11 என்ற சர்வதேசத் தர எண்ணும், டைப், யூசி (தொடர்ந்து தாங்கும் வோல்டேஜ்), யூபி (சர்ஜ் வரும்போது மிஷின் பக்கம் விடும் வோல்டேஜ்), கிலோ ஆம்பியர் (தாங்கும் சர்ஜ் கரண்ட்) அளவுகளும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்து, அவற்றை அப்படியே பில்லில் எழுதி வாங்குங்கள். நல்ல கருவியில் கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜின் உட்பகுதி செத்துவிட்டால் அதன் சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். இணைப்பு வயர்களின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய சர்ஜ் பாயும்போது ஒவ்வொரு மீட்டர் வயரிலும் ஏறத்தாழ 1,000 வோல்ட் கூடுதலாக எழும். அதையும் சேர்த்து மிஷின்தான் தாங்க வேண்டும். டைப் 2 கருவிக்கு எர்த் வயர் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக்குக் குறையக் கூடாது. வோல்டேஜைச் சீராக்கும் சர்வோ ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மைக்ரோ நொடிகளில் வந்து முடிந்துவிடும் சர்ஜுக்கு அது ஈடுகொடுக்காது.

அந்தப் பெட்டியை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை. கப்பலூர்ப் பக்கம் வரும் பட்டறைக்காரர்கள் யார் கேட்டாலும் திறந்து காட்டுகிறேன். உங்கள் பேனலில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.