லேப்டாப் பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

லேப்டாப்பில் 500 ஜிபி இருந்தால் 1 டிபியாக (1000 ஜிபி) வாங்குங்கள். கோப்புகளின் பழைய பதிப்புகளும் சேர்ந்துகொண்டே போகும்.

விலை: ஒரே கொள்ளளவுக்கு ஹார்ட் டிஸ்க்தான் மலிவு.

வேகம்: ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி, 500 ஜிபிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல், சிப்பில் மின்னேற்றமாகத் தரவை வைப்பது) நொடிக்கு 500 எம்பி எழுதினால் 17 நிமிடம். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் இரண்டுமே 40 எம்பியைத் தாண்டாது. போர்ட்டை முதலில் பாருங்கள்.

உறுதி: ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். அதன்மேல் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில், தரவைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கும். ஓடும்போது மேசையிலிருந்து விழுந்தால் ஹெட் தட்டைக் கீறிவிடும். 'டிக் டிக்' சத்தம் கேட்டால் உடனே கழற்றுங்கள். திரும்பத் திரும்பச் செருகினால் கீறல்தான் கூடும். எஸ்எஸ்டி விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் வருடக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் கிடந்தால் மின்னேற்றம் கசிந்து தரவு கெடலாம்.

வீட்டில் வைத்து வாரம் ஒருமுறை பேக்கப் எடுப்பவருக்கு ஹார்ட் டிஸ்க் போதும். பையில் போட்டு பஸ், ரயில் என்று அலைபவருக்கு எஸ்எஸ்டி. கையில் காசு கூடுதலாக இருந்தால், ஒரு எஸ்எஸ்டியைவிட இரண்டு ஹார்ட் டிஸ்க்கையே சொல்வேன்: ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.