பூனைக்கு வைரஸ் சோதனை: கிட்டா, பிசிஆரா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை. இப்போது தெருவிலிருந்து இன்னொன்று வருகிறது. டாக்டர் இரண்டு வைரஸ்களுக்குச் சோதனை செய்யச் சொல்வார்: ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் லுக்கீமியா வைரஸ், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி. கிளினிக்கிலேயே ரேபிட் கிட்டில் பார்க்கலாம், அல்லது லேபுக்கு ரத்தம் அனுப்பி, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை எடுக்கலாம். பிசிஆர் சொன்னால் அதுதான் முடிவு என்று பலரும் நினைக்கிறார்கள். லுக்கீமியாவில் அது பாதி உண்மை. எஃப்ஐவியில் அந்தப் பாதியும் தேறாது.

கிட்டுக்குச் சில சொட்டு ரத்தம் போதும், பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால் அந்தச் சின்னத் தட்டு தேடுவது இரண்டு வெவ்வேறு சமாச்சாரங்களை. லுக்கீமியாவுக்கு பி27 என்ற வைரஸின் சொந்தப் புரதம். எஃப்ஐவிக்கோ வைரஸை எதிர்க்கப் பூனையின் உடம்பு உண்டாக்கிய புரதம், அதாவது ஆன்டிபாடி. எஃப்ஐவி உள்ள தாயிடம் பால் குடித்த குட்டிக்குத் தாயின் ஆன்டிபாடி வந்துவிடும். வைரஸே இல்லாத குட்டிக்கும் கிட் பாசிட்டிவ் காட்டும். ஆறு மாத வயதுக்குப் பிறகு திரும்பப் பார்க்காமல் அதை ஒதுக்குவது அநியாயம்.

அந்தக் குட்டிக்கு பிசிஆர் எடுத்தால் என்ன? எஃப்ஐவியில் வகைகள் அதிகம், ரத்தத்தில் அளவும் குறைவாக இருக்கலாம், பிசிஆர் தவறவிடும். நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

லுக்கீமியாவில்தான் பிசிஆருக்கு மதிப்பு. இந்த வைரஸ் தன் மரபணுவைப் பூனையின் செல்லுக்குள்ளேயே செருகிவிடும். சில பூனைகளின் உடம்பு வைரஸை அடக்கிவிடும். அப்போது பி27 இருக்காது, கிட் நெகட்டிவ் சொல்லும், செருகிய மரபணுவை பிசிஆர் பிடித்துவிடும். அப்படிப்பட்ட பூனை பொதுவாக மற்றவற்றுக்குப் பரப்பாது. ஆனால் அதன் ரத்தத்தை இன்னொரு பூனைக்கு ஏற்றினால் அதற்கும் வைரஸ் தொற்றிவிடலாம். ரத்த தானம் செய்யும் பூனைக்கு பிசிஆர் கட்டாயம் என்பேன்.

சாதாரண வீட்டுக்கு என் ஓட்டு முதலில் கிட்டுக்குத்தான். நோய் அபூர்வமான இடத்தில் அதன் நெகட்டிவை நம்பலாம், பாசிட்டிவைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆயிரம் பூனைகளில் பத்துக்கு நோய், நோயில்லாத பூனைகளில் நூற்றுக்கு இரண்டைக் கிட் தவறாகப் பாசிட்டிவ் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: உண்மைப் பாசிட்டிவ் அதிகபட்சம் பத்து, பொய்ப் பாசிட்டிவ் கிட்டத்தட்ட இருபது! நன்றாக ஓடியாடும் பூனைக்குப் பாசிட்டிவ் வந்தால், லேபில் உறுதி செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நெகட்டிவிலும் ஒரு நிபந்தனை உண்டு. அண்மையில் தொற்றியிருக்கலாம் என்றால் லுக்கீமியாவுக்கு 30 நாள், எஃப்ஐவிக்கு 60 நாள் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை புதுப் பூனைக்குத் தனி அறை, தனிக் கிண்ணம், தனி லிட்டர் தட்டு. எஃப்ஐவி பெரும்பாலும் ஆழமான கடியில்தான் பரவும். லுக்கீமியாவுக்கு ஒன்றையொன்று நக்கிக்கொண்டாலே போதும்.